சட்டைப் பையில் ஒரு பட்டறை

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதிகளிலுள்ள நம் இல்லங்களுக்குப் பிரான்சிலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோ உறவினர் எவரேனும் விடுமுறையில் வந்து இறங்கினால், பெட்டி திறக்கப்படும் நேரத்தில் வீடே கூடிவிடும். அத்தர்க் குப்பி, பேரீச்சம்பழம், தொழுகை விரிப்பு, சோப்புக் கட்டிகள் ஆகியவற்றுக்கு நடுவே, சில வேளைகளில் விரல் நீளமே உள்ள சிவப்பு நிறப் பொருளொன்றும் வெளிப்படும். அதற்குக் கத்தி என்று பெயர். ஆயினும் கத்தி என்பது அதில் ஒரு பகுதிதான். நகத்தால் நெம்பினால் திருப்புளி வரும், தகர டப்பா திறக்கும் கருவி வரும், துளையூசி வரும், கத்தரிக்கோல், சாமணம், பல்குத்தி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும்.

வீட்டுப் பிள்ளைகள் அதற்காகப் போட்டியிடுவர். "கத்தியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்" என்று பாட்டிமார்கள் கண்டிப்பர். பிள்ளைகளின் ஆசையிலும் நியாயம் உண்டு. பாட்டிமார்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. ஒரே இரும்பு ஓரிடத்தில் விரும்பப்படும் கருவியாகவும், வேறோர் இடத்தில் வெறுக்கப்படும் ஆயுதமாகவும் ஆவது எதனால்? மடக்குக் கத்திகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்த வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு என்பது பலரும் அறியாத செய்தி.

ரோமானியர் காலத்து மடக்குக் கருவி

பல கருவிகளை ஒரே பிடிக்குள் மடக்கி வைக்கும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கருவியொன்று உள்ளது. வெள்ளியால் ஆன அதன் உடலில் இரும்புக் கத்தி, கரண்டி, மூன்று முனை கொண்ட முள்கரண்டி, கூர்முனை, தட்டகப்பை, சிறு நெம்பி ஆகியவை மடங்கிக் கிடக்கின்றன. நெடும்பயணம் செய்த செல்வர் எவரோ உணவு வேளையில் பயன்படுத்தியதாக அது இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

ரோமானியர் நமக்கு அந்நியரும் அல்லர். பாகூருக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானியச் சாடிகளும் மட்கலங்களும் வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்கடற்கரை மேலைநாடுகளுடன் வாணிபம் செய்த துறையாக விளங்கியது என்பது அதனால் உறுதியாயிற்று.

நம் முன்னோரின் மடக்கெழுத்தாணி

தமிழகத்திலும் இத்தகைய கருவி இருந்ததா என்று கேட்போர் எழுத்தாணியை நினைவுகூர வேண்டும். பனையோலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி பல வகைப்பட்டிருந்தது. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று அவற்றைப் பிரித்தனர். இவற்றுள் மடக்கெழுத்தாணி நம் கவனத்துக்குரியது. ஒரே கைப்பிடியின் ஒருபுறம் எழுதுவதற்கான கூர்முனை. மறுபுறம் ஓலையை வாரி ஒழுங்குபடுத்துவதற்கான சிறு கத்தி. எழுதி முடித்ததும் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். ஊர்க் கணக்கரும் புலவரும் ஆசிரியரும் இத்தகைய கருவியுடன் உலவினர். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் வாழ்ந்த காலத்திலும் ஓலையும் எழுத்தாணியுமே எழுதுவோரின் கருவிகளாக இருந்தன.

பெரியவர்கள் சிறு வளையமொன்றில் முள்வாங்கியையும் காதுக் குறும்பி எடுக்கும் கருவியையும் பல்குத்தியையும் கோத்து இடுப்பில் முடிந்து வைத்திருந்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே. வயலில் முள் தைத்தால் அங்கேயே அமர்ந்து எடுத்துவிடுவார்கள். இவற்றைச் செய்தவர்கள் ஊர்க் கொல்லர்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. ஆனால் அவர்கள் கைப்பட்ட கருவிகளால் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகள் இன்றும் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கில் பாதுகாக்கப்படுகின்றன. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்பை 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

உருக்கின் பயணம்

கத்தியின் உயிர் அதன் இரும்பில் இருக்கிறது. பண்டைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் மூசைகளில் இரும்பை இட்டு உருக்கி உயர்ந்த எஃகு செய்தனர். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இத்தொழில் நடந்ததற்கான உலைகளும் மூசைகளும் அகழாய்வில் கிடைத்துள்ளன. நாம் உருக்கு என்றும் கன்னடர் உக்கு என்றும் அழைத்த இந்த எஃகையே ஆங்கிலேயர் 'வூட்ஸ்' என்று எழுதினர்.

அரபு வணிகர்கள் இதன் மதிப்பை நன்கு அறிந்திருந்தனர். இந்திய எஃகில் செய்த வாளுக்கு அரபு மொழியில் 'முஹன்னத்' என்றே பெயர் வழங்கிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்-கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூல் ஒன்றே எழுதினார். ஸரந்தீப் எனப்பட்ட இலங்கையின் எஃகும் அதில் பேசப்படுகிறது. அக்காலத்தில் நம் உருக்கு பெரும்பாலும் வாளாகவே புகழ் பெற்றது. அதே உருக்கு பேனாக்கத்தியாக உருமாறிய நிகழ்ச்சி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இலண்டனில் நடந்தது.

பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் இந்திய எஃகுக் கட்டிகளை இலண்டன் அரச கழகத்துக்கு அனுப்பினார். அக்கழகத் தலைவர் ஜோசப் பேங்க்ஸின் விருப்பத்துக்கிணங்க, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவர் அதில் ஒரு துண்டை எடுத்து அடித்துப் பேனாக்கத்தி ஒன்றைச் செய்தார். அடித்து உருவாக்குவது கடினமாக இருந்தபோதிலும், கூர்மையில் சிறந்த எஃகுக் கத்திக்கு அது இணையாக நின்றது. மருத்துவர்களின் அறுவைக் கருவிகளுக்கு இதுவே ஏற்றது என்று ஸ்டோடார்ட் கருதினார். இச்செய்தி ஜார்ஜ் பியர்சன் 1795இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பதிவாகியுள்ளது. பின்னர் இதே ஸ்டோடார்ட், புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து நம் எஃகின் இரகசியத்தைக் கண்டறியப் பல சோதனைகள் நடத்தினார்.

பரங்கிப்பேட்டையும் ஷெஃபீல்டும்

பாகூரிலிருந்து தெற்கே, கடலூரையும் தாண்டிச் சென்றால் பரங்கிப்பேட்டை வரும். மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த துறைமுகம் அது. கப்பல் வணிகத்தில் சிறந்து விளங்கிய அவ்வூரில் 1830ஆம் ஆண்டு வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை ஒன்றை நிறுவினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியை விட்டு வந்தவர் இவர். சேலம் வட்டாரத்து இரும்புக் கற்களைக் கொண்டுவந்து, மரக்கரியை எரித்து உருக்கி, இரும்பை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார். தொழில் எதிர்பார்த்தபடி இலாபம் தரவில்லை.

ஆயினும் இரும்போடு பழகிய அனுபவம் ஹீத்தை விடவில்லை. இங்கிலாந்து திரும்பிய அவர், எஃகு உருக்கும்போது சிறிதளவு மாங்கனீசு சேர்த்தால் எஃகின் தரம் உயரும் என்று கண்டு, 1839ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதுவரை விலையுயர்ந்த இரும்பிலிருந்து மட்டுமே செய்ய முடிந்த நல்ல எஃகை மலிவான இரும்பிலிருந்தும் செய்ய அம்முறை வழி வகுத்தது. ஷெஃபீல்டு நகரின் கத்தித் தொழில் இதனால் பெரும் பயன் அடைந்தது. ஆனால் அம்முறையை எடுத்துக்கொண்ட ஆலைக்காரர்கள் உரிய தொகையைத் தர மறுத்தனர். வழக்காடியே செல்வத்தை இழந்த ஹீத், 1851ஆம் ஆண்டு காலமானார்.

அதே 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில், ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 75 அலகுகள் கொண்ட மாபெரும் கத்தியைக் காட்சிக்கு வைத்து உலகை வியக்க வைத்தது. அதற்கு முன்பே அந்நிறுவனம் 1822ஆம் ஆண்டைக் குறிக்க 1822 அலகுகள் கொண்ட கத்தி ஒன்றையும் செய்திருந்தது. இவை கைத்திறனின் உச்சங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எவருடைய பையிலும் அடங்காத இக்கத்திகளால் எந்த வேலை நடக்கும்?

மற்றொரு செய்தியையும் இங்கே சொல்லாமல் இருக்கக் கூடாது. ஷெஃபீல்டில் இத்தொழிலைத் தாங்கி நின்றவர்கள் வாடகைப் பட்டறைகளில் உழைத்த சிறு தொழிலாளர்கள். உலர்ந்த கல்லில் சாணை பிடித்தவர்களின் நுரையீரலில் கல்தூளும் இரும்புத்தூளும் படிந்தன. அவர்களில் பலர் நடுத்தர வயதைக் காணாமலேயே மறைந்தனர். பளபளக்கும் ஒவ்வோர் அலகுக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் மூச்சு இருந்தது.

மேய்ப்பனுக்கும் உழவனுக்கும்

புதுச்சேரி 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற குடும்பங்கள் நம் பகுதியில் இன்றும் உண்டு. அந்தப் பிரெஞ்சு நாட்டின் இரண்டு மடக்குக் கத்திகளும் கிராமத்து மக்களின் தேவையிலிருந்தே பிறந்தன.

லாகியோல் என்ற மலைக் கிராமத்தில் 1829ஆம் ஆண்டு உருவான கத்தி, அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் மேய்ப்பர்களுக்காக அதில் குத்தூசி ஒன்றைச் சேர்த்தனர். தோல்வாரில் துளையிடவும், வயிறு உப்பி மூச்சுத் திணறும் கால்நடையின் வயிற்றுக் காற்றை வெளியேற்றவும் அது பயன்பட்டது. கறவை மாடு வளர்க்கும் பாகூர் விவசாயிக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்ற கருமான் மகன் 1890ஆம் ஆண்டில் எளிய மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தார். மரக் கைப்பிடி, அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம், அவ்வளவே. 1955இல் அலகு தானே மடங்கி விரலை வெட்டாதபடி பூட்டும் சுழல் வளையம் சேர்க்கப்பட்டது. ஏழை உழவனும் வாங்கக்கூடிய விலையில் விற்றதால் அது பிரான்ஸ் முழுதும் பரவியது.

ஒரு தாயின் பெயரால்

இனி அந்தச் சிவப்புக் கத்தியின் கதைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் ஷ்வீஸ் மாநிலம் அக்காலத்தில் வறுமைப்பட்ட பகுதி. பிழைப்புத் தேடி இளைஞர்கள் கடல் கடந்தனர். நம் ஊர்களின் கதையும் அதுதானே! அங்கே இபாக் என்ற சிற்றூரில் 1884ஆம் ஆண்டு கார்ல் எல்ஸ்னர் என்ற இருபத்து நான்கு வயது இளைஞர், ஓடை நீரால் சுழலும் சக்கரத்தைக் கொண்டு கத்திப் பட்டறை தொடங்கினார். தம் ஊர் இளைஞர்களுக்கு ஊரிலேயே வேலை கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம்.

அப்போது சுவிஸ் இராணுவம் தன் வீரர்களுக்குப் புதிய துப்பாக்கியை வழங்கியது. அதைக் கழற்றித் துடைக்கத் திருப்புளி வேண்டும். தகர டப்பா உணவைத் திறக்கவும் கருவி வேண்டும். இரண்டையும் கத்தியோடு சேர்த்து ஒரே பொருளாகக் கொடுக்க முடிவாயிற்று. ஆனால் அத்தனை கத்திகளை உடனே செய்து கொடுக்கச் சுவிட்சர்லாந்தில் ஆலை இல்லை. முதல் கத்திகள் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்தே வந்தன. இதைக் கண்டு வருந்திய எல்ஸ்னர், சுமார் இருபத்தைந்து கத்தித் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்தார். 1891இல் அவர் செய்த கத்திகள் இராணுவத்தைச் சென்றடைந்தன.

வெற்றி எளிதில் வரவில்லை. ஜெர்மன் ஆலைகள் அதே கத்தியை மலிவாகக் கொடுத்தன. கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகினர். எல்ஸ்னர் கடனில் மூழ்கினார். உறவினர்கள் கைகொடுத்ததால் தப்பினார். சோர்ந்துவிடாமல் அவர் உழைத்தார். ஒரே வில்லின் இரு புறமும் கருவிகளைப் பொருத்தும் நுட்பத்தால், கனம் கூடாமல் கருவிகளின் எண்ணிக்கையைப் பெருக்கி, 1897 ஜூன் 12ஆம் நாள் தம் புதிய கத்தியைப் பதிவு செய்தார். அதுவே 'அதிகாரி கத்தி' என்ற பெயர் பெற்றது. இரண்டாவது சிறு அலகும் தக்கைத் திருகியும் அதில் சேர்ந்தன. தக்கைத் திருகியால் நம் இல்லங்களில் வேலை ஏதும் இல்லை. இறுகிய முடிச்சை அவிழ்க்க மட்டும் அது நன்கு உதவும்!

1909ஆம் ஆண்டு எல்ஸ்னரின் தாய் விக்டோரியா காலமானார். துன்ப காலத்தில் தமக்குத் துணை நின்ற அத்தாயின் பெயரையே மகன் தம் நிறுவனத்துக்குச் சூட்டினார். 1921ஆம் ஆண்டு முதல் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் தாயின் பெயரோடு இணைந்தது. உலகம் அறிந்த 'விக்டோரினாக்ஸ்' அவ்வாறு பிறந்ததே. பெற்றவளின் பெயரைத் தொழிலின் முகப்பில் எழுதிய மகனின் செயல் நம் பிள்ளைகளுக்கும் சொல்லத்தக்கது.

சோதனை வந்தபோது

2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிகளுக்குப் பின் விமானத்தில் கைப்பையோடு கத்தி கொண்டுசெல்ல உலகெங்கும் தடை வந்தது. விமான நிலையக் கடைகளை நம்பியிருந்த விக்டோரினாக்ஸின் கத்தி விற்பனை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. வேறு நிறுவனமாக இருந்தால் முதலில் தொழிலாளர்களை வெளியேற்றியிருக்கும். எல்ஸ்னர் குடும்பத்தார் ஒருவரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. கூடுதல் நேர வேலையை நிறுத்தினர். விடுப்பை முன்கூட்டியே எடுக்கச் செய்தனர். சிலரை அண்டை நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பி வைத்தனர். கைக்கடிகாரம், பயணப்பை போன்ற பிற பொருள்களில் கவனம் செலுத்தி மீண்டனர்.

இதற்குத் துணை நின்றது முன்னரே செய்த ஓர் ஏற்பாடு. 2000ஆம் ஆண்டில் அக்குடும்பத்தார் நிறுவனத்தின் பங்குகளில் 90 சதவீதத்தை அறக்கட்டளைகளுக்கு ஒப்படைத்தனர். வாரிசுகள் பங்கு பிரித்து விற்றுவிடாதபடி தொழிலும் வேலைவாய்ப்பும் காக்கப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். சொத்தைத் தடுத்து நிறுத்தி அதன் பயனை மட்டும் வழங்கும் நம் வக்ஃபு ஏற்பாட்டை இது நினைவூட்டவில்லையா? 2005ஆம் ஆண்டு, தொல்லையில் இருந்த போட்டி நிறுவனமான வெங்கரையும் அவர்களே வாங்கிக் காத்தனர். அலகே இல்லாத மடக்குக் கருவி ஒன்றை உருவாக்கி வருவதாக 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அறிவித்தது. பெயர் கத்தியாக இருந்தாலும் அவர்கள் விற்பது கருவியையே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய காரும் குறடும்

1975ஆம் ஆண்டு டிம் லெதர்மேன் என்ற அமெரிக்க இளைஞர் தம் மனைவியுடன் பழைய ஃபியட் கார் ஒன்றில் ஐரோப்பாவிலும் மத்தியக் கிழக்கு நாடுகளிலும் பயணம் செய்தார். கார் அடிக்கடி பழுதாயிற்று. தங்கிய விடுதிகளில் தண்ணீர்க் குழாய் ஒழுகிற்று. பையிலிருந்த கத்தியால் எல்லாம் செய்ய முடிந்தது. குறடு மட்டும் இல்லை. ஊர் திரும்பியவர் அட்டைத் தாளில் மாதிரி வெட்டத் தொடங்கினார். சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை எட்டு ஆண்டுகளை விழுங்கியது. நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார், மறுப்பே கிடைத்தது. 1983இல்தான் நண்பர் ஸ்டீவ் பெர்லினருடன் தாமே தொழில் தொடங்கி முதல் விற்பனையைக் கண்டார். நடுவில் குறடும் கைப்பிடிகளுக்குள் கத்தி, அரம், திருப்புளிகளும் கொண்ட அக்கருவியை இன்று மின்வினைஞரும் பம்புசெட்டுப் பழுது பார்ப்பவரும் இடுப்பு உறையில் வைத்திருக்கிறார்கள்.

ராம்பூரின் துயரம்

இதுவரை சொன்னவை வெற்றிக் கதைகள். நெஞ்சை வருத்தும் கதை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், 1774 முதல் நவாபுகள் ஆண்ட சமஸ்தானம். அரிய அரபு, பார்சி ஏடுகள் நிறைந்த ரஸா நூலகத்தால் கல்வியுலகில் புகழ் பெற்ற ஊர். அங்கே முஸ்லிம் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக மடக்குக் கத்தி செய்து வந்தனர். பித்தளை வேலைப்பாடு கொண்ட கைப்பிடியும், விரித்தால் உறுதியாகப் பூட்டிக்கொள்ளும் வில்லும் அக்கத்தியின் சிறப்புகள். நுட்பத்தில் அது எந்த ஐரோப்பியக் கத்திக்கும் தாழ்ந்ததன்று.

ஆனால் 1970களிலும் 1980களிலும் வந்த இந்தித் திரைப்படங்களில் வில்லனின் கையில் விரிந்தது ராம்பூரிக் கத்தியே. ஊரின் பெயரே அச்சுறுத்தும் சொல்லாயிற்று. நான்கரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுடன் கத்தி செய்வதற்கு மாநில அரசு தடை விதித்தது. உரிமக் கெடுபிடிகளும் மலிவுக் கத்திகளின் போட்டியும் சேர்ந்துகொள்ள, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்பினர். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ராம்பூரின் சாலைச் சந்திப்பு ஒன்றில் சுமார் 20 அடி நீளமுள்ள கத்திச் சிலை நிறுவப்பட்டது. கத்திக்குச் சிலை எழுந்தது. கத்தி செய்த கைகளோ குறைந்துவிட்டன.

இபாக் ஊர்க் கொல்லருக்கும் ராம்பூர்க் கொல்லருக்கும் திறமையில் வேறுபாடு இல்லை. ஒருவருக்கு அரசு ஒப்பந்தம் தந்து ஊக்கியது. மற்றவருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அதோடு, முன்னவருடைய கத்தியில் திருப்புளியும் ஊசியும் சேர்ந்து அதை வேலைக்குரிய கருவியாக்கின. பின்னவருடைய கத்தியில் அலகு மட்டுமே நீண்டுகொண்டு போயிற்று. வாங்குவோர் எதற்காக வாங்குகிறார்கள் என்பது ஒரு தொழிலின் மானத்தையே தீர்மானித்துவிடுகிறது. செயல்களுக்கு எண்ணமே அடிப்படை என்பது நம் மார்க்கம் கற்பித்த பாலபாடம் அன்றோ?

நாட்டின் சட்டமும் இதே அளவுகோலையே கையாள்கிறது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத விதிகள் ஆயுதம் என்று வகைப்படுத்துகின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் ஆய்வுக்கும் உரிய கருவிகளுக்கு விலக்கு அளிக்கின்றன.

வீட்டில் வைத்திருப்போர் கவனத்துக்கு

மடக்குக் கத்தி வைத்திருப்போர் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். பழமோ இறைச்சியோ வெட்டியபின் எல்லா அலகுகளையும் விரித்து வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே மடக்க வேண்டும். கடலோரக் காற்றில் உப்பு மிகுதி. துருப்பிடிக்காத எஃகிலும் மூட்டு இறுகும். மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். கத்தி அலகைத் திருப்புளியாகப் பயன்படுத்தினால் முனை உடையும். மழுங்கிய கத்தியே கையை வெட்டும். அழுத்தம் கூடும்போது அது வழுக்கிவிடுகிறது. கல்லை நனைத்து, அலகைச் சற்றே சாய்த்து, இருபுறமும் சமமாகத் தீட்ட வேண்டும்.

ஒருவரிடம் கொடுக்கும்போது மடக்கியே கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். விமானப் பயணத்தில் இதைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும். கைப்பையில் இருந்தால் சோதனையில் பறிபோகும். சிறுவனுக்கு முதலில் கத்தரிக்கோலும் திருப்புளியும் உள்ள சிறிய கருவியைத் தாய் தந்தையர் முன்னிலையில் பயன்படுத்தக் கொடுக்கலாம். அறுந்த செருப்பு வாரையும் கழன்ற கதவுத் தாழையும் சரிசெய்யக் கற்ற பிள்ளைக்குக் கத்தி விளையாட்டுப் பொருளாகத் தோன்றாது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். வீட்டில் பெரும்பாலான பழுதுகளை முதலில் காண்பவர்கள் நம் பெண்மக்களே.

நம் ஊர்ப் பட்டறைகள்

பாகூர் ஏரிப் பாசனத்து நெல்வயல்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் கருக்கரிவாளும் களைக்கொத்தும் மண்வெட்டியும் செய்து கொடுத்தவர்கள் அந்தந்த ஊர்க் கொல்லர்கள். அறுவடை எந்திரங்கள் வயலில் இறங்கிய பிறகு அரிவாளின் தேவை சுருங்கியது. துருத்தியின் ஓசையும் சம்மட்டியின் ஓசையும் பல ஊர்களில் அடங்கிவருகின்றன. இரும்பை இளக்கும் கலை தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இறைவன் அருளிய கொடை என்று அறிந்த சமுதாயம் நாம். அக்கலையைத் தம் கையில் வைத்திருப்பவர் எந்தச் சமயத்தவராயினும் அவருக்கு உரிய மதிப்பை நாம் தர வேண்டும்.

தொழிற்பயிற்சி பெற்று வேலைக்குக் காத்திருக்கும் நம் இளைஞர்கள் இந்தத் துறையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். தென்னை ஏறுபவருக்கும் பூந்தோட்டக்காரருக்கும் மீனவருக்கும் ஏற்ற மடக்குக் கருவிகளை நம் மண்ணின் தேவையறிந்து செய்வோர் அரிதாகவே உள்ளனர். லாகியோலும் இபாக்கும் தொடக்கத்தில் பாகூரைப் போன்ற சிற்றூர்களாகவே இருந்தன.

தொழில் தொடங்க இயலாதோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது சாணைச் சக்கரத்துடன் மிதிவண்டியில் தெருத்தெருவாக வருபவரிடம் குர்பானிக் கத்தியை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடாமல், ஆண்டு முழுதும் பரணில் துருவேறிக் கிடக்கும் அரிவாள்மனை, பாக்குவெட்டி, பேனாக்கத்தி அனைத்தையும் எடுத்துக் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். புதிதாக வாங்கிக் குவிப்பதைக் காட்டிலும் அது சிக்கனம். ஓர் உழைப்பாளியின் வீட்டில் அன்று அடுப்பும் எரியும்.